தாழி பார்க்க எழும்பூருக்கு

ஆழ்வார்திருநகரியிலிருந்து குடும்பத்தோடு சென்னைக்குப் போகிறவர்கள் பார்க்கிற இடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மெரினா, வண்டலூர், ஏதாவது ஒரு மால், தி.நகரில் துணிக்கடை, மிச்ச நேரத்துக்குச் சொந்தக்காரர் வீடு. இத்தனைக்கும் நம்ம செந்தூர் எக்ஸ்பிரஸ் கொண்டுபோய் இறக்கிவிடுவதே எழும்பூரில்தான். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் பாந்தியன் சாலை. 1851-இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கி, சில வருஷத்தில் இந்த இடத்துக்கு வந்துவிட்ட அரசு அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. நாம் அதைத் தாண்டித் தாண்டியே போய்க்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கோடை விடுமுறையில் நாங்கள் உள்ளே போனோம். நானும் என் வீட்டுக்காரரும், ஏழாம் வகுப்பு முடித்த மகள், ஒன்றாம் வகுப்பு முடித்த மகன், கூட என் அத்தை, அதாவது பிள்ளைகளுக்கு ஆச்சி. எதைப் பார்த்தோம், எதை விட்டோம், பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அங்கே கண்ணாடிக்குள் இருப்பதில் முக்கியமான ஒரு பகுதி நம்ம ஆற்றங்கரையிலிருந்து போனது. அதை நம்ம பிள்ளைகள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே ஒரு சாயங்காலம் பிள்ளைகளை ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். திருநெல்வேலி போகிற பஸ்ஸில் உட்கார்ந்தால் புதுக்குடியைத் தாண்டியதும் வந்துவிடுகிற இடம். நம்ம ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ரோட்டோரத்தில் செம்மண்ணும் சரளையுமாக ஒரு மேடு. அந்தப் பக்கத்து ஜனங்கள் அதைப் பரம்பு என்பார்கள். 114 ஏக்கர் பரப்பு. மேலே பார்த்தால் முள்ளும் கல்லும்தான், கீழே முழுக்கத் தாழிகள். 2004, 2005-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது சின்ன இடத்துக்குள்ளேயே 160-க்கு மேல் தாழிகள் கிடைத்தன. 2023 ஆகஸ்ட் முதல், தோண்டிய குழிகளை அப்படியே விட்டுவிட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டுப் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடி மேல் நின்று குனிந்தால் காலுக்குக் கீழே தாழி, தாழியைச் சுற்றிச் சின்னச் சின்னப் பானைகள்.

ஆச்சி அங்கேயே கதையை ஆரம்பித்துவிட்டாள். "முன்னாடியெல்லாம் வயசாகி வயசாகி, சாவே வராதவங்க இருந்தாங்களாம் எய்யா. சுருங்கிப் பிள்ளை மாதிரி ஆயிருவாங்களாம். அவங்களைத் தாழிக்குள்ள உக்கார வச்சு, சோறு தண்ணி வச்சு, விளக்கையும் ஏத்தி வச்சு மூடிருவாங்களாம்." நம்ம பக்கத்தில் எல்லா வீட்டுப் பெரியவர்களும் சொல்கிற கதைதான். சின்னவன் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. மூத்தவள் மட்டும், "உயிரோடயா ஆச்சி?" என்று கேட்டாள். அதற்கு நான் அங்கே பதில் சொல்லவில்லை. சென்னையில் போய்ப் பார்ப்போம் என்றேன். ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குள் நுழைகிற பிள்ளை தேடிக்கொண்டு நடக்கும். கேள்வி இல்லாத பிள்ளை ஐஸ்கிரீம் எப்போது என்று கேட்கும்.

எழும்பூர் வளாகம் மிகப் பெரியது. தொல்லியல், மானிடவியல், விலங்கியல், தாவரவியல், நாணயங்கள், படிமக் கூடம், சிறுவர் கூடம் என்று தனித்தனிக் கட்டடங்கள். நடுவில் பெரிய மரங்கள். 1896-இல் கட்டிய மியூசியம் தியேட்டர். பக்கத்தில் கன்னிமாரா நூலகம். ஹென்றி இர்வின் வடிவமைத்த, இளஞ்சிவப்புக் கல்லில் கட்டிய தேசியக் கலைக்கூடம் ஒரு புறம். வெளியே நின்று பார்ப்பதற்கே அது போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினால் கடைசியில் கால்வலிதான் மிஞ்சும். நாங்கள் முதல் நாள் ராத்திரியே முடிவு செய்துவிட்டோம்: ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள், வெண்கலச் சிலைகள், அமராவதிக் கல், சின்னவனுக்காகத் திமிங்கல எலும்புக்கூடு. அவ்வளவுதான். நாணயங்களை விட்டுவிட்டோம். ஓவியங்களையும் விட்டுவிட்டோம். அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் பிள்ளைகளின் கவனத்துக்கு ஓர் அளவு இருக்கிறது.

முதலில் ஆதிச்சநல்லூர்.

அலெக்சாந்தர் ரீ என்பவர் தொல்லியல் துறையின் சார்பில் 1899 முதல் சில வருஷம் அந்தப் பரம்பில் தோண்டினார். அவர் எடுத்தவை சென்னை வந்து சேர்ந்தன. அவற்றின் பட்டியலே 1915-இல் தனிப் புத்தகமாக அச்சானது. ஆயிரக்கணக்கான பொருள்கள்: மண்பாண்டம், இரும்பு வாள், ஈட்டி, சூலம், வெண்கலப் பாத்திரம், நெற்றியில் கட்டுகிற பொன் பட்டம். கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய தாழியைப் பார்த்ததும் சின்னவன், "யம்மா, இது நம்ம ஊருப் பானைல்லா!" என்று கத்தினான். பக்கத்தில் நின்ற வேற்றூர்க் குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்தது. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தன் ஊர்ப் பெயரைச் சொல்கிற ஒரு பிள்ளையை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்களை அதிக நேரம் நிறுத்தி வைத்தவை வெண்கலப் பொருள்கள். பாத்திர மூடிகளின் மேலும் தாங்கிகளின் மேலும் சின்னச் சின்ன மிருகங்கள். கொம்பை அகல விரித்த எருமை. சேவல். மான். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்று சொல்லப்படுகிற எருமை அது. ஆனால் நம்ம ஆற்றில் மத்தியானம் கிடந்து ஊறுகிற எருமையேதான். கொம்பு வளைகிற விதம்கூட மாறவில்லை. செய்தவன் எருமையோடு பழகியவன். பிள்ளைகளிடம் கையோடு கொண்டுபோன வரையும் நோட்டைக் கொடுத்து, பிடித்த ஒன்றை மட்டும் வரையச் சொன்னேன். மூத்தவள் எருமையை வரைந்தாள். வரைய உட்கார்ந்த பிறகுதான் அது மூடியின் கைப்பிடியும்கூட என்பது அவளுக்குத் தெரிந்தது. பிடித்துத் தூக்க வேண்டும் என்பதற்காகவே அதன் உடம்பு அப்படி அமைந்திருக்கிறது. படம் வரைகிற பிள்ளை லேபிளில் இல்லாததையும் பார்த்துவிடும். போன் காமிராவுக்கு அது முடியாது. அதனால் அந்தக் கூடத்தில் போன்களைப் பைக்குள் போட்டுவிட்டோம்.

ஆச்சியை நிறுத்தியது வடிகட்டி. அரைவட்டக் கிண்ணத்தில் நுணுக்கமான ஓட்டைகளைக் கோலப்புள்ளி மாதிரி வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். "இதுல எதை வடிச்சிருப்பாங்க?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டே நின்றாள். அடுக்களையில் ஆயுசைக் கழித்தவளுக்கு அந்த வாளையும் ஈட்டியையும்விட இதுதான் கண்ணில் பட்டது. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இரும்புப் பொருள்கள் துருப்பிடித்து, உப்பி, வடிவம் கெட்டுப் போயிருக்கின்றன. பிள்ளைகள் அவற்றைப் பார்க்காமலேயே நகர்ந்தார்கள். நான் கூப்பிட்டு நிறுத்தினேன். நம்ம ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற சிவகளையில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது ஒரு தாழிக்குள் நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். இரும்பு கிடைத்த தாழியிலிருந்து எடுத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். உலகத்தில் இரும்பு எங்கே முதலில் வந்தது என்ற கேள்வியையே மறுபடி கேட்க வைத்த அறிவிப்பு அது. இன்னும் ஆராய்ச்சி நடக்கும், வாதம் நடக்கும். அது இருக்கட்டும். அந்தத் துரு ஏன் கண்ணாடிக்குள் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லாவிட்டால் அவர்களுக்கு அது வெறும் துருதான். பெரியவர்கள் இரண்டு விஷயம் படித்துவிட்டுப் போவது இதற்காகத்தான்.

மூத்தவளின் கேள்விக்கும் விடை கிடைத்தது. தாழிக்குள் இருந்தவை இறந்தவர்களின் எலும்புகள். சிலரை முழு உடம்பாகவே வைத்திருக்கிறார்கள். சிலரை வேறெங்கோ விட்டு, பிறகு எலும்பை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். உயிரோடு வைத்ததாக ஆராய்ச்சியாளர்கள் சொல்லவில்லை. ஆச்சியிடம் அவள் அதைச் சொன்னபோது ஆச்சி கோபப்படவில்லை. "சோறு தண்ணி வச்சது நெசந்தான? பானை இருக்குல்லா" என்றாள். அது சரிதான். போகிறவர்களுக்குப் பானையும் கருவியும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதைக் கதை இத்தனை காலம் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

அங்கேயே இன்னொரு பேச்சும் வந்தது. 1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பவர்தான் ஆதிச்சநல்லூரில் முதலில் தோண்டினார். எடுத்ததை பெர்லினுக்கே கொண்டுபோய்விட்டார். பிறகு லூயி லாபிக் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்தவை பாரிசுக்குப் போயின. ரீ எடுத்தவை சென்னையில். இதை நான் சொல்லி முடித்ததும் மூத்தவள், "அப்ப எல்லாத்தையும் நம்ம ஊருக்கே கொண்டு வந்துரலாம்ல?" என்றாள். எந்தப் பிள்ளையும் கேட்கிற நியாயமான கேள்வி. அவள் அப்பா உடனே ஆமாம் என்றார். ஆச்சிதான், "கொண்டு வந்திருந்தா வெள்ளத்துல போயிருக்கும்" என்றாள்.

2023 டிசம்பர் யாருக்கு மறக்கும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரண்டு கரையையும் எடுத்துக்கொண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் இதே செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நாள்கணக்கில் சிக்கி நின்றது. எங்கள் வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாண ஆல்பங்கள், மாமனாரின் பத்திரங்கள் எல்லாம் கூழாகிவிட்டன. அதைத் தன் கையால் வெயிலில் காயவைத்தவள் சொல்கிறாள்.

இரண்டு பேரும் சொன்னதில் எனக்குச் சம்மதம்தான். பொருள் பிறந்த மண்ணில் இருக்க வேண்டும். அது பத்திரமாகவும் இருக்க வேண்டும். ஊருக்குப் பக்கத்திலேயே மேடான இடத்தில், ரசாயனப் பாதுகாப்பு தெரிந்த ஆட்களோடு ஒரு நல்ல கட்டடம் இருந்தால் இரண்டும் நடக்கும். எழும்பூரில் 1930-லேயே உலோகங்களைப் பாதுகாக்க ரசாயனக் கூடம் தொடங்கிவிட்டார்கள். வெண்கலத்தை அரிக்கிற பச்சைக் களிம்பை அங்கேதான் நிறுத்தக் கற்றார்கள். அந்தக் கைப்பழக்கம் இல்லாமல் பொருளை மட்டும் கொண்டுவந்து என்ன செய்ய? நெல்லை ரெட்டியார்பட்டி மலையில் பொருநை அருங்காட்சியகம் கட்டியிருப்பது அதனால்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது. வெள்ளம் ஏறாத இடம், ஆற்றின் பெயர். நம்ம பக்கத்து எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு போன்றவர்கள் நீதிமன்றம் வரை போய் ஆதிச்சநல்லூருக்காகக் கேட்டதும் இந்த நாளுக்காகத்தான். ரீ எடுத்தவற்றிலும் ஒரு பங்காவது, கடனாகவாவது, தெற்கே வர வேண்டும்.

அடுத்து வெண்கலச் சிலைகள். வாசலிலேயே ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காவலுக்கு இருந்தவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று இடம் காட்டினார்.

நம்ம பிள்ளைகளுக்கு உற்சவர் புதிதல்ல. வைகாசியில் ஒன்பது பெருமாளும் கருடன் மேல் வந்து நிற்க, நம்மாழ்வார் அன்ன வாகனத்தில் வருகிற ராத்திரியில் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளைகள். ஆனால் அவர்கள் பார்த்ததெல்லாம் பட்டும் மாலையும் திருவாபரணமும். அதற்கு நடுவில் தெரிகிற முகம், இரண்டு கை. பட்டு இல்லாத, பூ இல்லாத வெண்கலத்தை இவர்கள் முழுதாகப் பார்ப்பது இங்கேதான். சின்னவன் பயந்த குரலில் கேட்டான்: "சாமிக்கு ஏன்மா வேட்டி கட்டல?" நான் கிட்டே கூட்டிப்போய்க் காட்டினேன். கட்டித்தான் இருக்கிறது. இடுப்பில் மடிப்பு, மடிப்பின் மேல் கச்சை, கச்சையின் முனை தொடையில் விழுகிற கோடு, எல்லாம் வெண்கலத்திலேயே இருக்கிறது. முதலில் மெழுகில் செய்து, மேலே மண்ணைப் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை வரும். அதனால் ஒரு அச்சில் ஒன்றுதான். இதை மூத்தவளுக்குச் சொன்னபோது, "தப்பா வந்துட்டா?" என்றாள். மறுபடி மெழுகிலிருந்து.

திருவாலங்காட்டு நடராசர் முன்னால் வெகு நேரம் நின்றோம். இந்த அருங்காட்சியகத்து நடராசரின் புகைப்படங்களைப் பார்த்துவிட்டுத்தான் பிரான்சின் சிற்பி ரொதான் 1913-இல் சிவ தாண்டவத்தைப் பற்றி எழுதினார். நேரில் அவர் வரவே இல்லை. படத்தைப் பார்த்தே எழுதத் தோன்றியது அவருக்கு. நம்மால் ரயிலேறி வந்து சுற்றி நடந்து, முதுகுப் பக்கத்தையும் பார்க்க முடிகிறது. பிள்ளைகளை அவசியம் பின்பக்கம் கூட்டிப் போங்கள். எந்தக் கோயிலிலும் அது கிடைக்காது. திருவெண்காட்டு அர்த்தநாரியிடம் மூத்தவள் தானாகவே இரண்டு பாதியையும் ஒப்பிட்டுப் பார்த்தாள்: ஒரு பக்கம் இடுப்பு நேர், மறுபக்கம் வளைவு. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. வடக்குப்பனையூர் ராமர், சீதை, லட்சுமணர் முன்னால் ஆச்சி கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இவங்க கோயில்ல இல்லாம இங்க ஏன் இருக்காங்க?" அடுத்த கேள்வி. இங்கே இருப்பவற்றில் பல, பூமிக்குள் கிடைத்தவை. படையெடுப்புக் காலங்களில் ஊரார் சாமியை மண்ணுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒளித்தவர்கள் போய்விட்டார்கள், இடம் மறந்துவிட்டது. நூற்றாண்டுகள் கழித்து எவரோ ஏர் ஓட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ தட்டுப்படும். 1878-இல் வந்த புதையல் சட்டப்படி அது கலெக்டருக்குப் போய், அங்கிருந்து அருங்காட்சியகத்துக்கு வரும். சின்னவனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் கொல்லையைத் தோண்ட வேண்டும் என்று ஊருக்குத் திரும்பும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

அமராவதிக் கற்களில் ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தோம், மதம் பிடித்த நளகிரி யானையைப் புத்தர் அடக்குகிற வட்டச் சிற்பம். ஒரே வட்டத்துக்குள் யானை இரண்டு தடவை வருகிறது. ஒரு பக்கம் வாசலிலிருந்து பாய்ந்து ஆளைத் தூக்குகிறது; மறுபக்கம் புத்தரின் முன்னால் மண்டியிடுகிறது. மேலே மாடத்திலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்க்கிறார்கள். காமிக்ஸ் படிக்கிற பிள்ளைக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. சின்னவனே கதையைச் சொல்லிவிட்டான். இந்த ஸ்தூபியின் கற்களில் நிறைய லண்டனில் இருக்கின்றன என்று மட்டும் சொல்லி வைத்தேன்; பெர்லின், பாரிஸ் வரிசையில் மூத்தவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

திமிங்கல எலும்புக்கூட்டைப் பற்றி எழுத அதிகமில்லை. அது மிகப் பெரியது, அவன் மிகவும் சந்தோஷப்பட்டான். ஆனால் விலங்கியல் பகுதியில் என் வீட்டுக்காரர் சொன்ன ஒன்று பிள்ளைகளுக்கே உரியது. இந்த அருங்காட்சியகத்தை 1885 முதல் நடத்திய எட்கர் தர்ஸ்டன், தூத்துக்குடிக்கு வந்து முத்துக்குளிப்பைப் பார்த்து, மன்னார் வளைகுடாவின் முத்தையும் சங்கையும் பற்றி 1890-இல் புத்தகம் வெளியிட்டார். கொற்கை நம்ம வீட்டிலிருந்து எட்டிவிடும் தூரம். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961. பையனாக இருந்த மாமனார் அப்போது கரையில் நின்று பார்த்திருக்கிறார். சிப்பி அழுகுகிற நாற்றத்தைப் பற்றித்தான் கடைசிவரை சொல்லுவார், முத்தைப் பற்றி அல்ல. அதை இப்போது சொல்ல அவர் இல்லை. பேரப்பிள்ளைகள் தங்கள் ஊர்க் கடலின் கதையைச் சென்னையில் கேட்டார்கள்.

போகிறவர்களுக்குச் சில காரியங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பாதீர்கள். காலையில் திறந்ததும் உள்ளே நுழைந்துவிடுங்கள், வெயில் ஏறிய பிறகு கட்டடம் விட்டுக் கட்டடம் நடப்பது சின்னப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கஷ்டம். தண்ணீர், வயதானவர்களுக்கு மருந்து கையில் இருக்கட்டும். ஒவ்வொரு கூடம் முடிந்ததும் மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எங்கள் பிள்ளைகள் நல்ல கேள்விகளைக் கேட்டது அந்த மரத்தடிகளில்தான். லேபிளில் எதை விட்டாலும் ஊர்ப் பெயரை மட்டும் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள். இந்தப் பொருள் எந்த மண்ணில் கிடைத்தது என்று தெரிந்துகொண்டாலே பாதி தெரிந்த மாதிரி.

திருச்செந்தூருக்கு நேர்த்திக்கடன் செலுத்த வருகிற வெளியூர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருநெல்வேலியிலிருந்து வருகிற வழியில்தான் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. வண்டியை அரை மணி நேரம் நிறுத்தி, பிள்ளைகளை இறக்கி, அந்தக் கண்ணாடித் தளத்தின் மேல் நிற்க வையுங்கள். பிறகு எழும்பூர் போகும்போது அவர்களே உங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போவார்கள்.